வாக்கும் இருக்கையும் மனநிறைவும்

1978 நவம்பரில் நியூசிலாந்தில் பொதுத்தேர்தல் நடந்தது. எதிர்க்கட்சியான தொழிற்கட்சி 40.4 விழுக்காடு வாக்கு வாங்கியது. ஆளும் தேசியக் கட்சிக்கு 39.8. இடங்களை எண்ணிப் பார்த்தால் தேசியக் கட்சிக்கு 51, தொழிற்கட்சிக்கு 40. சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சி 16 விழுக்காடு வாங்கியும் ஒரே ஒரு இடத்தோடு நின்றது. 1981இலும் அதே கதைதான். தொழிற்கட்சி 39.0, தேசியக் கட்சி 38.8, ஆட்சி மறுபடியும் தேசியக் கட்சிக்கே, 92இல் 47 இடங்களோடு. சோஷியல் கிரெடிட்டுக்கு இம்முறை ஐந்தில் ஒருவர் வாக்களித்திருந்தார். கிடைத்தவை இரண்டு இடங்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிதல்ல. 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக சுமார் 45 விழுக்காடு வாக்கில் 39இல் 37 தொகுதிகளை அள்ளியது. ஏறத்தாழ 24 விழுக்காடு வாங்கிய திமுகவுக்கு ஓர் இடமும் இல்லை. நாம் அதை ‘அலை’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனோம். நியூசிலாந்துக்காரர்கள் போகவில்லை. பதினைந்தே ஆண்டுகளில் தேர்தல் முறையையே மாற்றிக்கொண்டார்கள். அதுவும் இரு பெரிய கட்சிகளின் பெருந்தலைகளில் பெரும்பாலோர் விரும்பாதபோதே, மக்கள் வாக்கெடுப்பின் மூலம்.

மக்களின் விருப்பத்துக்கும் அவர்களுக்குக் கிடைக்கும் பிரதிநிதித்துவத்துக்கும் இடையே எவ்வளவு பொருத்தம் இருக்கிறது, அந்தப் பொருத்தம் கூடினால் ஜனநாயகத்தின் மீதான திருப்தியும் கூடுமா என்பது அரசியல் ஆய்வாளர்களை அரை நூற்றாண்டாக வாட்டும் கேள்வி. நாட்டுக்கு நாடு ஒப்பிட்டால் விடை குழம்பிப்போகும். செல்வம், வரலாறு, மதம், ஊழல் எல்லாம் குறுக்கே வரும். நியூசிலாந்தில் மக்களும் கட்சிகளும் அப்படியே இருக்க, விதி மட்டும் மாறியது. அதனால்தான் இந்தச் சிறிய நாடு இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

பொருத்தம் என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். விழுந்த வாக்குக்கும் கிடைத்த இருக்கைக்குமான பொருத்தம் ஒன்று. ஆட்சிக்கு வந்தவர்கள் செய்வதற்கும் மக்கள் விரும்புவதற்குமான பொருத்தம் மற்றொன்று. முதலாவதைக் கணக்குப் போட்டு அளக்கலாம், சட்டம் போட்டுச் சரிசெய்யலாம். இரண்டாவது அப்படி வசப்படாது. நியூசிலாந்து மக்கள் கொதித்தது இரண்டாவதற்காக. அவர்கள் கையில் இருந்த மருந்து முதலாவதற்கானது. நடந்ததையெல்லாம் இந்த இடைவெளியை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன்.

1984 ஜூன் 14ஆம் தேதி இரவு. பிரதமர் ராபர்ட் மல்டூன் செய்தியாளர்களைக் கூட்டித் திடீர்த் தேர்தலை அறிவித்தார். மது அருந்தியிருந்தார் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. அந்தக் காட்சியை அந்நாட்டுத் தொலைக்காட்சி இன்றுவரை போட்டுக்காட்டுகிறது. விலைக்கும் கூலிக்கும் உச்சவரம்பு போட்டுப் பொருளாதாரத்தை இறுக்கிப் பிடித்திருந்தவர் அவர். ஒரே மாதத்தில் தேர்தல் நடந்தது, தோற்றார். தொழிற்கட்சியின் டேவிட் லாங்கே பிரதமரானார், ராஜர் டக்ளஸ் நிதியமைச்சர்.

தொழிற்சங்கங்களின் கட்சி என்று நம்பி வாக்களித்தவர்களுக்குக் காத்திருந்தது வேறு. 1985 மார்ச்சில் நாணயத்தைச் சந்தையில் மிதக்கவிட்டார்கள். விவசாய மானியங்கள் போயின. அரசுத் துறைகள் இலாப நோக்குள்ள நிறுவனங்களாயின, பல விற்கப்பட்டன. 1986 அக்டோபரில் 10 விழுக்காடு சரக்கு, சேவை வரி வந்தது. இவற்றில் பெரும்பாலானவற்றைத் தேர்தல் மேடையில் யாரும் சொல்லியிருக்கவில்லை. நிதியமைச்சரின் பெயரைச் சேர்த்து ‘ராஜர்னாமிக்ஸ்’ என்றே இதற்குப் பெயர் விழுந்தது. இந்த மாற்றங்கள் தேவைப்பட்டவைதாம் என்று வாதிடும் பொருளாதார அறிஞர்கள் உண்டு. அது தனி வழக்கு. வாக்காளரைக் கேட்காமல் செய்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

1990இல் மக்கள் கோபத்தோடு தேசியக் கட்சிக்குத் திரும்பினார்கள். 47.8 விழுக்காடு வாக்குக்கு 97இல் 67 இடங்கள். முதியோர் ஓய்வூதியத்தின் மீதான கூடுதல் வரியை நீக்குவதாக வாக்குறுதி தந்து வந்தவர் புதிய பிரதமர் ஜிம் போல்ஜர். நீக்கவில்லை. நிதியமைச்சர் ரூத் ரிச்சர்ட்சன் சமூகநல உதவித்தொகைகளை வெட்டினார். 1991 பட்ஜெட் அதே பாதையில் இன்னும் வேகமாக ஓடியது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்ற நிலை. ஆட்சி மாறியும் கொள்கை மாறாதபோது, வாக்குச்சீட்டு எதற்கு என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது.

இதற்குத் தடுப்பணை எதுவும் அந்நாட்டில் இல்லை. மேலவையை 1950லேயே கலைத்துவிட்டார்கள். நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தைச் செல்லாது என்று நீதிமன்றம் தள்ளும்படியான எழுதப்பட்ட ஒற்றை அரசியலமைப்பும் கிடையாது. கீழவையில் பாதிக்கு மேல் ஓரிடம் இருந்தால் அமைச்சரவை நினைத்ததெல்லாம் சட்டம். சட்டப் பேராசிரியராக இருந்த ஜெஃப்ரி பால்மர் 1979லேயே ‘கட்டற்ற அதிகாரம்?’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதியிருந்தார். அவர் லாங்கே அரசில் நீதித்துறை அமைச்சரானதும் தேர்தல் முறையை ஆராய ஓர் அரச ஆணையத்தை அமைத்தார். நீதிபதி ஜான் வாலஸ் தலைமையிலான அந்த ஆணையம் 1986 டிசம்பரில் அறிக்கை தந்தது. ஜெர்மனியில் இருப்பது போன்ற கலப்பு விகிதாசார முறையைப் பரிந்துரைத்தது.

இரு பெரிய கட்சிகளும் அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டத்தான் பார்த்தன. ஆனால் 1987 தேர்தலின்போது ஒரு தொலைக்காட்சி விவாதத்தில், பொதுவாக்கெடுப்பு நடத்துவோம் என்று லாங்கே சொல்லிவிட்டார். அவருடைய கட்சிக்காரர்களே திகைத்தார்கள். வென்றபின் நடத்தவில்லை. அதைக் குத்திக்காட்டிய தேசியக் கட்சி, நாங்கள் நடத்துவோம் என்று 1990இல் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டது. இன்னொரு வாக்குறுதியை மீற அந்த அரசுக்குத் துணிச்சல் இல்லை. 1992 செப்டம்பரில் நடந்த முதல் வாக்கெடுப்பில் 84.7 விழுக்காட்டினர் மாற்றம் வேண்டும் என்றார்கள். 1993 நவம்பரில் பொதுத்தேர்தலோடு சேர்த்து இறுதி வாக்கெடுப்பு நடந்தது. பெருந்தொழில் அதிபர்கள் பணத்தைக் கொட்டி எதிர்ப்பிரசாரம் செய்தார்கள். பட்டியலில் இருந்து வரும் உறுப்பினர்களுக்கு முகமே இருக்காது என்று காட்ட, தலையில் காகிதப் பையை மாட்டிய ஆட்களை விளம்பரத்தில் நிறுத்தினார்கள். இவர்களே இவ்வளவு பயப்படுகிறார்கள் என்றால் அதில் நமக்கு ஏதோ நன்மை இருக்கும் என்று பலர் முடிவுசெய்தார்களாம். 53.9 விழுக்காட்டில் புதிய முறை வென்றது.

1996 அக்டோபர் தேர்தலில் வாக்காளர் கையில் வந்த சீட்டில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் கட்சிக்கு ஒரு வாக்கு, வலப்பக்கம் தொகுதி வேட்பாளருக்கு ஒரு வாக்கு. நாடாளுமன்றத்தில் ஒரு கட்சிக்கு மொத்தம் எத்தனை இடம் என்பதை இடப்பக்க வாக்குதான் தீர்மானிக்கும். நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சியின் கணக்கைப் பார்த்தால் முறை விளங்கிவிடும். கட்சி வாக்கு 13.4 விழுக்காடு, அதற்குரிய பங்கு 120இல் 17. தொகுதிகளில் நேரடியாக வென்றவை 6. மீதி 11 பேர் கட்சி முன்கூட்டியே தந்த பட்டியலில் இருந்து வரிசைப்படி உள்ளே வந்தார்கள். 5 விழுக்காடு வாக்கோ ஒரு தொகுதி வெற்றியோ இல்லாத கட்சிக்கு எதுவும் கிடையாது. ஆணையம் கேட்டது 4 விழுக்காடுதான். நாடாளுமன்றம் 5 ஆக்கிவிட்டது.

வாக்குக்கும் இருக்கைக்குமான பொருத்தமின்மையை அளக்க அயர்லாந்து அறிஞர் மைக்கேல் கல்லாகர் வகுத்த குறியீடு ஒன்று இருக்கிறது. பூச்சியம் என்றால் முழுப் பொருத்தம். நியூசிலாந்தில் 1993இல் அது 18 அளவில் இருந்தது. 1996இல் 4 அளவுக்கு இறங்கியது. கண்ணாடியில் பார்த்ததுபோல், மக்கள் எப்படியோ மன்றமும் அப்படி.

மக்கள் மகிழ்ந்தார்களா? அங்கேதான் சிக்கல். நியூசிலாந்து ஃபர்ஸ்ட் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸ், தேசியக் கட்சியை வீட்டுக்கு அனுப்புவோம் என்ற தோரணையில் ஊர் ஊராகப் பேசியவர். தொழிற்கட்சியின் கோட்டையாக இருந்த மாவோரிப் பழங்குடியினருக்கான தொகுதிகள் ஐந்தையும் அவர் கட்சி வென்றது. தேர்தலுக்குப் பிறகு இரண்டு மாதம் இருபுறமும் பேரம் பேசினார். டிசம்பரில் தேசியக் கட்சியோடு சேர்ந்து துணைப் பிரதமரானார். அவருக்கென்றே கருவூலத்துக்குப் புதுப் பதவி ஒன்றும் உருவாக்கப்பட்டது. கூட்டணி 1998 ஆகஸ்டில் உடைந்தது. அவர் கட்சியும் இரண்டாகப் பிளந்தது. 1999இல் மாவோரித் தொகுதிகள் அனைத்தும் தொழிற்கட்சிக்கே திரும்பின. கூட்டணி அரசியலில் ஊறிய நமக்கு இதெல்லாம் சாதாரணம். அந்த மக்களுக்கு அது துரோகமாகப் பட்டது. புதிய முறைக்கான ஆதரவு மளமளவென்று சரிந்தது.

ஆனால் அதே காலத்தில் பான்டூச்சி, டோனோவன், கார்ப் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் தேர்தலுக்கு முன்னும் பின்னும் எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 1999இல் எழுதிய கட்டுரை வேறொன்றைச் சொன்னது. என் வாக்குக்கு மதிப்பு உண்டு, அரசியல்வாதிகள் எங்களைப் போன்றவர்களின் பேச்சைக் கேட்பார்கள் என்ற எண்ணம் கூடியிருந்தது. ஆட்சியாளர்மீது எரிச்சல், வாக்கின்மீது நம்பிக்கை என்று இரண்டும் ஒரே மனதில் இருக்க முடிகிறது. ‘திருப்தியா?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் இந்த இரண்டில் எதற்கு விடை வருகிறது?

அந்தக் கேள்வியைச் சற்று அருகில் பார்க்கலாம். ஐரோப்பியச் சமூகத்தின் யூரோபரோமீட்டர் கணக்கெடுப்பு 1973இலிருந்து அதைக் கேட்டுவருகிறது. உங்கள் நாட்டில் ஜனநாயகம் செயல்படும் விதம் உங்களுக்கு மிகவும் திருப்தியா, ஓரளவு திருப்தியா, அவ்வளவாக இல்லையா, துளியும் இல்லையா? விடை சொல்பவர் எதை நினைத்துச் சொல்கிறார் என்பது அவருக்கே தெரியாது. விலைவாசியாக இருக்கலாம், பிரதமரின் முகமாக இருக்கலாம். 1997இல் ஆண்டர்சன், கில்லரி என்ற இருவர் 11 ஐரோப்பிய நாடுகளின் தரவுகளை வைத்துக் காட்டிய உண்மை எளியது: தன் கட்சி ஆட்சியில் இருப்பவர் ஜனநாயகம் நன்றாக நடக்கிறது என்கிறார், தோற்றவர் இல்லை என்கிறார். அதிகாரத்தைப் பலரோடு பகிரும் அமைப்புள்ள நாடுகளில் இந்த இடைவெளி குறைவு. வென்றவருக்கே எல்லாம் என்ற நாடுகளில் அதிகம். தோற்றவர் சோறு கிடைக்காமல் போகாத பந்தி என்றால் தோல்வி அவ்வளவு கசப்பதில்லை.

இதை இன்னும் பெரிதாக்கிச் சொன்னவர் ஆரெண்ட் லைப்ஹார்ட். 36 ஜனநாயகங்களை ஒப்பிட்ட அவருடைய 1999ஆம் ஆண்டு நூல், அதிகாரத்தைப் பகிரும் இணக்கமுறை ஜனநாயகங்களில் திருப்தி சுமார் 17 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதல் என்கிறது. அந்த எண்ணை நான் அப்படியே நம்பமாட்டேன். சுவிட்சர்லாந்தும் டென்மார்க்கும் ஒரு தட்டில் இருந்தால் தராசு தானாகவே அந்தப் பக்கம் சாயும். இத்தாலியை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்குப் பின் அரை நூற்றாண்டாக ஏறக்குறைய அப்பழுக்கற்ற விகிதாசார முறை அங்கே இருந்தது. மக்கள் எப்படியோ மன்றமும் அப்படி. ஆனால் யூரோபரோமீட்டரில் மிகவும் அதிருப்தி காட்டிய மக்கள் இத்தாலியர்களே. 1993 ஏப்ரலில் அங்கே ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. மேலவைக்கான விகிதாசார முறையைக் கைவிட 82.7 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அந்த ஆண்டே முக்கால்வாசி இடங்களைத் தனித்தொகுதிகளுக்கு மாற்றும் சட்டம் வந்தது. அதை வரைந்தவர் செர்ஜோ மத்தரெல்லா, பின்னாளில் குடியரசுத் தலைவரானவர்.

ஏழே மாத இடைவெளியில் இரண்டு நாடுகள் எதிரெதிர்த் திசையில் ஓடின. நியூசிலாந்தில் அரசைத் தடுக்க முடியவில்லை. இத்தாலியில் அரசை அகற்ற முடியவில்லை. எத்தனை கூட்டணி மாறினாலும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி மட்டும் நாற்காலியில் ஒட்டிக்கொண்டே இருந்தது, கடைசியில் 1992இல் தொடங்கிய லஞ்ச ஊழல் விசாரணைகள் அதைச் சிதறடிக்கும்வரை. இருவருக்கும் நோய் ஒன்றுதான்: சொன்னால் கேட்க ஆளில்லை. கையில் இருந்த முறையைப் பழித்தார்கள், கையில் இல்லாததை மருந்தென்று நம்பினார்கள்.

ஆய்வாளர்கள் பொருத்தத்தை வேறு விதமாகவும் அளக்கிறார்கள். வாக்காளரை இடதுசாரி முதல் வலதுசாரி வரை 0 முதல் 10 வரையுள்ள கோட்டில் நிற்கச்சொல்லி, அரசு எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. ஹூபரும் பவலும் 1994இல், விகிதாசார நாடுகளில் அரசு நடுவாக்காளருக்கு அருகில் நிற்கிறது என்றார்கள். 2010இல் கோல்டரும் ஸ்டிராம்ஸ்கியும் அதைக் கலைத்துப்போட்டார்கள்: நாடாளுமன்றம் மக்களின் பல்வகைமையைக் காட்டுவது விகிதாசார முறையில் கூடுதல் என்பது சரி, அரசு மக்களுக்கு அருகில் இருப்பதில் பெரிய வேறுபாடு இல்லை. தேர்தல் விதி மன்றத்தின் வாசல்வரைதான் கைபிடித்துக் கூட்டிப்போகும். உள்ளே அமைச்சரவை அமைவது வேறு கணக்கு.

இதற்கு இலங்கையைவிடக் கசப்பான சான்று தேடவேண்டியதில்லை. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 விழுக்காடு வாக்கு வாங்கி 17 இடங்களோடு சுருண்டது. சிறிலங்கா சுதந்திரக் கட்சி 36.9 விழுக்காட்டில் 91 இடங்களைப் பிடித்தது. சுதந்திரக் கட்சி கூட்டணியில் இடங்களைப் பங்கிட்டு நின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்தான். கூட்டணியின் வாக்கைக் கூட்டினாலும் பாதியைத் தாண்டாது, இடங்களோ 151இல் 116. அந்தப் பலத்தில்தான் 1972 அரசியலமைப்பு வந்தது. தமிழரசுக் கட்சியின் திருத்தங்களை ஏற்காமல், அது வெளிநடப்புச் செய்தபின். 1977இல் காற்று திசை மாறியது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50.9 விழுக்காட்டில் 168இல் 140. சுதந்திரக் கட்சிக்கு ஏறத்தாழ 30 விழுக்காட்டில் 8. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கோ 7 விழுக்காட்டுக்கும் குறைந்த வாக்கில் 18 இடங்கள். அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

கணக்குப்படி பார்த்தால் தமிழர் தரப்புக்கு வாக்கின் பங்கைவிடக் கூடுதலான இருக்கைகள். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியும் கூட. அதனால் நடந்தது என்ன? ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை கொண்ட அரசுக்கு அந்த 18 பேரின் கை எதற்கும் தேவைப்படவில்லை. 1983 ஆகஸ்டில் ஆறாம் திருத்தம் பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கியது. அதை எடுக்க மறுத்தவர்களின் ஆசனங்கள் போயின. 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்திருந்தது. ஆனால் 1982 டிசம்பரில் ஒரு வாக்கெடுப்பை வைத்து, பழைய முறையில் கிடைத்த நாடாளுமன்றத்தையே ஆறாண்டு நீட்டிக்கொண்டார் அதிபர் ஜே. ஆர். ஜெயவர்தன. நாடாளுமன்றத்துக்குப் புதிய முறையில் முதல் தேர்தல் 1989இல்தான் நடந்தது. அதற்குள் வடக்கு கிழக்கில் வாக்குப்பெட்டியின்மீது நம்பிக்கை வைத்திருந்தவர்கள் அரிதாகிப் போனார்கள்.

இருக்கையின் எண்ணிக்கையைவிட, அந்த இருக்கை இல்லாமல் அரசு நடக்காது என்ற நிலையே குரலுக்கு எடை தருகிறது. முஸ்லிம் காங்கிரசின் எம். எச். எம். அஷ்ரஃப் இதை அறிந்தவர். 1988 அதிபர் தேர்தலின்போது தன் ஆதரவு ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் பிரேமதாசவுக்குத் தேவைப்பட்ட நேரம் பார்த்து, கட்சிகளுக்கான வெட்டுப்புள்ளியை எட்டில் ஒரு பங்கிலிருந்து இருபதில் ஒரு பங்காகக் குறைக்க வைத்தார். நியூசிலாந்தில் புதிய முறை செய்ததும் இதுதான். எந்தக் கட்சியும் தனியாக ராஜர்னாமிக்ஸ் போன்ற ஒன்றை ஓரிரவில் திணிக்க முடியாதபடி, இன்னொருவரின் கையைக் கேட்டே தீரவேண்டிய நிலையை அது பல ஆண்டுகளுக்கு உண்டாக்கியது. புதிய முறையில் ஒரு கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது முதன்முறையாக 2020இல்தான். அதுவும் பாதி வாக்கைப் பெற்று.

மக்கள் இதை உணர்ந்தே இருந்தார்கள் என்று நினைக்கிறேன். 2011இல் அரசு மறுபடியும் கேட்டது: இந்த முறையையே வைத்துக்கொள்வதா? சுமார் 58 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். 1993இல் கிடைத்ததைவிடக் கூடுதல். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று பொருளில்லை. 1999இல் நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கையை 120இலிருந்து 99ஆகக் குறைக்கச் சொல்லி 81.5 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால் எண்ணிக்கை குறையவே இல்லை.

இந்தியாவில் இந்தப் பேச்சு பழையது. அரசியல் நிர்ணய சபையில் காசி சையது கரீமுதீன் விகிதாசார முறையைக் கேட்டார். எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அது சிக்கலானது, நிலையான அரசும் அமையாது என்று அம்பேத்கர் மறுத்தார். முதல் காரணம் இன்று வலுவிழந்துவிட்டது. இரண்டாவது இன்னும் விவாதத்துக்குரியது. சட்ட ஆணையம் 1999இல் தன் 170ஆம் அறிக்கையில், மக்களவையில் கூடுதலாக 25 விழுக்காடு இடங்களைச் சேர்த்து அவற்றைப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்றது. இன்றுவரை சட்டமாகவில்லை.

தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் மிஞ்சும் என்று இப்போது எல்லோரும் கணக்குப் போடுகிறோம், போடவேண்டியதுதான். அந்த இடங்களில் விழும் வாக்கு எந்த விதிப்படி உறுப்பினராக மாறுகிறது, வந்த உறுப்பினரின் கையை மத்திய அரசு எப்போதாவது கேட்டாக வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள். எண்ணிக்கையை மட்டும் காப்பாற்றினால் போதாது.